இடப்பக்கத்துக் கிளிகள்

சசிரேகாவுக்கு அந்த விளையாட்டுப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. செல்போன் முழுக்கக் கட்டை கட்டையாகப் படங்கள் வந்து நிற்கும். மாம்பழம், குடை, பூட்டு, கிளி, தாமரை. ஒரே மாதிரி இரண்டைத் தேடி விரலால் தொட்டால் இரண்டும் மறைந்துவிடும். மேலே ஒரு பச்சைக் கோடு நீளமாக ஆரம்பித்துக் குறைந்துகொண்டே வரும். பாதிக்கு மேல் போனால் சிவப்பாகி டிக் டிக் என்று அடிக்கும். கோடு தீர்வதற்குள் எல்லாக் கட்டையையும் காலி பண்ணாவிட்டால் மிச்சமிருப்பது பொலபொலவென்று சரிந்து விழும். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும், பிறகு வந்து பேசட்டும். இந்த விளையாட்டால் அவள் வீட்டில் பால் பொங்கி வழிந்திருக்கிறது, சாம்பார் அடிப்பிடித்திருக்கிறது, ஒரு முறை ஆடு உள்ளே வந்து ஊறவைத்த அரிசியைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

புருஷன் வேதகிரி முதலில் கேலிதான் பண்ணினான்.

"இன்னாது இது, பொம்மையப் பாத்து பொம்மையத் தொட்டுக்கினு. நம்ம கீர்த்தி கூட இத்த ஆடாது."

வேதகிரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். தை மாதம் சொந்தமாக ஒரு வேன் வாங்கி, சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பிள்ளைகளை உத்திரமேரூரில் இருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறான். மகள் கீர்த்தியும் அதே வேனில்தான் போகிறாள், நாலாவது படிக்கிறாள். காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் வேன் வேப்பமரத்தடியில் நின்றது. அவனுக்குப் பொழுது போகவில்லை. பிடித்துக்கொண்டது அவனையும். மத்தியானச் சாப்பாடு ஆனதும் கயிற்றுக் கட்டிலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஆட்டம். தோற்றவர் டீ போட வேண்டும்.

லீவு முழுக்க வேதகிரிதான் டீ போட்டான்.

டீ போடுவதற்காக வேண்டுமென்றே தோற்கிற புருஷன் அந்தத் தாலுகாவில் எங்கேயும் கிடையாது என்பது சசிரேகாவுக்குத் தெரியும். அதனால் தன்னுடைய கெட்டிக்காரத்தனம்தான் என்று நினைத்து நன்றாகவே பெருமைப்பட்டுக்கொண்டாள். டீயில் சர்க்கரை போதவில்லை என்று குறைகூடச் சொன்னாள்.

லீவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு புழுக்கமாக இருந்தது. கீர்த்தி வாசலில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வேதகிரி ஆடினான். அன்றைக்கு அவன் கை வேகமாகத்தான் ஓடியது. வலது பக்கம் மளமளவென்று காலியாகி, நடுவும் காலியாகி, கடைசியில் இடது ஓரத்தில் இரண்டே இரண்டு கட்டை நின்றது. இரண்டும் கிளி. ஒன்றுக்குக் கீழே இன்னொன்று. கோட்டில் இன்னும் கொஞ்சம் பச்சைகூட மிச்சம் இருந்தது. ஜெயித்துவிட்டான், இன்றைக்கு நாம்தான் எழுந்து போக வேண்டும் என்று சசிரேகா முந்தானையை உதறிக்கொண்டாள்.

அவன் விரல் நகரவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடு சிவப்பாகி டிக் டிக் என்று அடித்தது.

"எல்லாம் முடிஞ்சிட்ச்சே. அப்பறம் ஏன் இன்னும் ஓடிக்கினு கீது?" என்றான்.

சசிரேகா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை. உண்மையாகத்தான் கேட்டான். கிளிகள் இரண்டும் சரிந்து விழுந்தபோதுதான் கண்ணைத் திருப்பினான்.

"தோ பாரு. இது எப்ப வந்துச்சு?"

அவள் சிரித்தாள். "மாமா, இன்னொரு ஆட்டம் ஆடு" என்று போனைக் கொடுத்தாள். மறுபடியும் அதே கதை. வலது பக்கம் துடைத்து வைத்த மாதிரி, இடது ஓரத்தில் ஒரு வரிசை அப்படியே. ஒருவேளை அந்த ஓரத்தில் போன் கண்ணாடி மங்கலோ என்று முந்தானையில் துடைத்தாள். அதற்கும் திருப்தி இல்லாமல் போனைத் தலைகீழாகத் திருப்பி அவன் கையில் வைத்தாள்.

"இப்படி ஆடு பாக்கலாம்."

"தலகீழாவா? இன்னா இது புது ரூல்ஸு?"

"ஆடேன்."

ஆடினான். கிளி தலைகீழாக நின்றாலும் கண்டுபிடித்தான், குடை தலைகீழாக நின்றாலும் கண்டுபிடித்தான். முந்தின ஆட்டத்தில் அவன் கண்ணில் படாத ஓரம் இப்போது அவனுக்கு வலது கைப்பக்கம் வந்திருந்தது, அதை முதலில் முடித்தான். இடது பக்கம் வந்த ஓரம் தொடப்படாமல் நின்றது. பிறகு அவள் போனைத் தானே பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு வலப்புறமாக நன்றாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாக் கட்டையும் காலி. பொன் நிறத்தில் பூவெல்லாம் கொட்டி, பாட்டும் வந்தது.

"பாத்தியா" என்றான் வேதகிரி சந்தோஷமாக. "போய் டீ போடு."

அவள் அடுப்படிக்குப் போனாள். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுப் பற்றவைக்க மறந்து நின்றாள்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆவணியில் ஒரு நாள் அவன் சவாரி விட்டு வந்து தலைவலி என்று படுத்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததாம், வாந்தியும் எடுத்தான். பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கொடுத்தாள். மறுநாள் எழுந்து வேன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகுதான் எல்லாம். வேனின் இடது பக்கக் கண்ணாடி, அதே வேனில் பையன்களை அனுப்புகிற மலர்க்கொடியின் வீட்டுக் காம்பவுண்டில் உரசி உடைந்தது. பள்ளிக்கூடத்துக் கேட்டில் இடது கதவு நசுங்கியது. ஏரிக்கரை ரோட்டில் ஒரு கன்றுக்குட்டி அடிபட இருந்து தப்பியது. புது வேன், ஊர்க் கண் பட்டுவிட்டது என்று சசிரேகாதான் முடிவு கட்டினாள். வேனைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தாள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னாள். திருஷ்டிக் கயிறும் மிளகாயும் கட்டினாள், அதுவும் அடிபடுகிற பக்கமாகப் பார்த்து இடது பக்கமே கட்டினாள். யார் யார் கண்ணையோ சபித்தாள். எதிர்வீட்டுக்காரியோடு ஒரு வாரம் பேசாமல்கூட இருந்தாள்.

சாப்பாட்டுத் தட்டு ஞாபகம் வந்தது. "பொரியல் வெக்கலியா?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பான். இடது பக்கம் அவரைக்காய்ப் பொரியல் குவியலாக இருக்கும். குருட்டுக் கேள்வி கேட்கிறான் என்று திட்டிக்கொண்டே வலது பக்கமும் கொஞ்சம் வைப்பாள். அந்தத் திட்டை இப்போது நினைத்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் திறக்கிறது.

டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் பாதி குடித்த பிறகு சொன்னாள். "மாமா, உனுக்கு எடப்பக்கம் தெரியல."

வேதகிரி அவளைப் பார்த்தான். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தான். "ரெண்டு கண்ணும் தெரியுதே. தோ, மூக்குத்தி கீது உன் மூக்குல."

"கண்ணு இல்ல மாமா. எடப்பக்கம். ஓரமா கீறது எதுவும் நீ பாக்கல. கேம்ல பாத்தேன் நானு."

"கேம்ல." டம்ளரைத் தரையில் வைத்தான். "போன மாசம் லைசன்ஸுக்கு டாக்டரு போர்டுல எழுத்து காட்டனாரு. கீழ கடைசில கீற பொடி எழுத்து வரைக்கும் படிச்சேன். நல்லா கீதுன்னு எழுதிக் குடுத்தாரு. அவரு படிச்சவரு. நீ கிளி பொம்ம வெச்சிக்கினு எனுக்கு கண்ணு தெரியலன்ற."

"நாளைக்கு ஒரு நாள் வண்டி எடுக்காத. காஞ்சிவரம் போய் பெரியாஸ்பத்திரில காட்டிக்கினு வந்துரலாம்."

"புள்ளைங்கள யாரு இட்டுக்கினு போறது? லீவு முடிஞ்சி மொத நாளு. ஒரு நாள் நிறுத்தனா ஏன் நிறுத்தனன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்லுவ? டிரைவருக்குக் கண்ணு தெரியலன்னா?" அவன் குரல் ஏறியது. வாசலில் கீர்த்தி எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வேதகிரி குரலை இறக்கினான். "சசி, அந்த வார்த்தய ஒருத்தன் காதுல போட்ட, அப்பறம் நான் சக்கரத்தத் தொட முடியாது. வாய மூடிக்கினு கம்முனு இரு. ரைஸ் மில்லாண்ட புதுசா ஒரு பொண்ணு வேற நாளைலர்ந்து ஏறுது, அவங்க அப்பா நேத்துதான் போன் பண்ணாரு. பேஜார் பண்ணாத."

போனைக் கட்டிலில் வீசிவிட்டு எழுந்து போனான். போகும்போது இடது தோள் கதவுச் சட்டத்தில் இடித்தது. கதவைத் திட்டிக்கொண்டே போனான்.

சசிரேகாவுக்குப் பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? பள்ளிக்கூடத்தில் சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள். பெற்றவர்களிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் குருட்டு டிரைவர் என்று பேர் வைத்துவிடும், அந்தப் பேர் பிறகு சுடுகாடு வரைக்கும் போகும். சொல்லாமல் இருந்தால்? இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கப் போனாலே கன்றுக்குட்டி நின்ற இடத்தில் ஒரு பிள்ளை வந்து நின்றது. கீர்த்திக்குக் காய்ச்சல் என்று சொல்லி அவளை மட்டுமாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. நன்றாகத்தான் இருந்தது யோசனை. தன் பிள்ளையை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளை அனுப்பிவைக்கிற யோசனை. அப்படி நினைத்த தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விடிந்தபோது அவள் வேறொரு முடிவில் இருந்தாள். குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பையோடு வந்து வேனில் முன் சீட்டில், அவனுக்கு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க?" என்றான் வேதகிரி.

"உத்திரமேரூர்ல ஜாக்கெட் துணி எடுக்கணும். உங்கூடவே வந்துர்றேன்."

அவளை ஒரு பார்வை பார்த்தான். வண்டியைக் கிளப்பினான். அவனுக்கு இடது பக்கம் தெரியாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன், தினமும் இங்கே உட்கார்ந்து நானே பார்த்துச் சொல்கிறேன் என்பதுதான் அவள் கண்ட வழி. ஊருக்குத் தெரிய வேண்டாம், அவன் பிழைப்பும் போக வேண்டாம். எல்லாருக்கும் நல்லது என்று அவளுக்குப் பட்டது. கீர்த்தி பின்னால் ஏறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெரு தாண்டுவதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. "சைக்கிளு" என்றாள். "ஆடு, மாமா. ஓரமா ஆடு." வேதகிரி பல்லைக் கடித்தான். "எனுக்குத் தெரியுது" என்றான். தெரியவில்லை, ஆடு கடந்த பிறகுதான் ஸ்டியரிங் கொஞ்சம் வலப்புறம் ஒடிந்தது. ஏரிக்கரை ரோட்டில் ஏறியபோது இடது பக்கம் தடுப்புச் சுவர் ஒன்றும் இல்லை, நேரே தண்ணீர். சக்கரம் கரை மண்ணை அரைக்கிற சத்தம் அவள் காலடியில் கேட்டது. "ரைட்ல வா மாமா, ரைட்ல வா." அவள் குரல் அவளுக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

கரை இறங்கினால் மலர்க்கொடி வீடு, முதல் ஸ்டாப். மலர்க்கொடியும் அவளுடைய இரண்டு பையன்களும் ரோட்டுக்கு வலது பக்கம் நின்றார்கள். வீடு இருப்பது இடது பக்கம். வேன் கதவும் இடது பக்கம்தான் திறக்கும். வண்டி நின்றதும் மூன்று பேரும் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள்.

"ஏன் மலரு, வூட்டாண்ட நிக்காம அந்தாண்ட போய் நிக்கிற?" என்று சசிரேகா கேட்டாள்.

"இந்தப் பக்கம் சேறு" என்றாள் மலர்க்கொடி. அவள் வீட்டு வாசல் பெருக்கிக் கோலம் போட்டுக் காய்ந்து கிடந்தது.

அடுத்தது பம்ப்செட் ஸ்டாப். அங்கேயும் பிள்ளைகள் வலது பக்கம். அங்கே அவள் கேட்கவில்லை. தை மாதம் வேன் வந்த புதிதில் அவளும் இரண்டு மூன்று நாள் இப்படிக் கூடவே போயிருக்கிறாள், அப்போது எல்லாரும் இடது பக்கம் நின்று நேரே ஏறினார்கள் என்பது ஞாபகம் வந்தது.

மூன்றாவது காலனி ஸ்டாப். சாமுவேல் தன் மகள் ஏஞ்சலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சாமுவேல் இவர்கள் நிலத்தில்தான் நடவு, அறுப்பு எல்லாம் பார்க்கிறான். அவனும் வலது பக்கம்தான் நின்றான். வண்டி நின்றதும் பிள்ளையைத் தாண்டிக் கூட்டிவந்து ஏற்றினான்.

"சாமுவேலு, ஏன் அந்தப் பக்கம் நிக்கிறீங்க?"

சாமுவேல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சொம்மாதான் அண்ணி. நெழலு."

பெரிய புளியமரம் இடது பக்கத்தில் இருந்தது. நிழல் முழுக்க வேன் மேல்தான் விழுந்தது. வலது பக்கம் சுள்ளென்று வெயில்.

வண்டி நகர்ந்தது. சசிரேகா தலையைத் திருப்பிக் கீர்த்தியின் காதோடு கேட்டாள். "எல்லாரும் ஏன்டி அந்தாண்ட நிக்கிறாங்க?"

"நைனா இந்தப் பக்கம் ரொம்ப ஒட்டி வருவாரு இல்ல, அதுக்குத்தான்" என்றாள் கீர்த்தி, பள்ளிக்கூடத்தில் பெல் அடிப்பார்கள் என்று சொல்வதுபோல. "இந்தப் பக்கம் நின்னா தெரியாது அவருக்கு. எல்லாருக்கும் தெரியும்மா. நைனா கிட்ட சொல்லக் கூடாதுன்னு மலர்க்கொடி அத்த சொல்லிச்சு. பாவம், வருத்தப்படுவாருன்னு."

ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவள் பொத்திப் பொத்தி வைத்தது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை வலது பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அதே வேனில் ஏற்றி அனுப்பிக்கொண்டும் இருக்கிறார்கள். அவரவர் பிள்ளை அந்த ஒரு நிமிஷம் தப்பினால் போதும் என்று.

"ரைஸ் மில்லு" என்றான் வேதகிரி. "புதுப் பொண்ணு இன்னும் வரல போல."

அவன் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் எப்போதும் நிற்கிற பக்கம் அதுதானே அவனுக்கு. அங்கே யாரும் இல்லை. காத்திருப்பதற்காக வண்டியை இடது ஓரத்து மண்ணில் இறக்கினான்.

அந்த மண்ணில்தான் அந்தப் பெண் நின்றது. புது யூனிபாரம், புதுப் பை, கையில் மடக்கின குடை. பழையசீவரத்திலிருந்து குடி வந்து பத்து நாள்கூட ஆகாத வீட்டுப் பிள்ளை. அவர்களுக்கு யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? வேன் வருகிற பக்கம்தான் நிற்க வேண்டும் என்று சரியாகச் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அது வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது.

"மாமா, புள்ள."

சொன்னாளா, சொல்ல நினைத்தாளா தெரியாது. வேன் போய்க்கொண்டேயிருந்தது. அவள் இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து உடம்பெல்லாம் சேர்த்து இழுத்தாள். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி, முக்கி, நின்றுபோனது. பின்னால் பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கத்தினார்கள். புதிதாக மாட்டியிருந்த இடது பக்கக் கண்ணாடி குடையில் பட்டு, குடை தெறித்து முன்னால் ரோட்டில் விழுந்தது.

"பைத்தியமா உனுக்கு?" வேதகிரி கத்தினான். "ஓடற வண்டில ஹேண்ட் பிரேக் போடுற. இன்னா இருக்குது இங்க? இன்னா இருக்குது?"

குடையை எடுக்க அந்தப் பெண் வண்டிக்கு முன்னால் வந்தது. அப்போதுதான் அவன் பார்த்தான்.

சசிரேகா கீழே இறங்கி ஓடிப் பிள்ளையை வாரிக்கொண்டாள். கை, கால், முகம் எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, குடைக்கம்பி பட்டு விரலில் ஒரு கீறல். "உன் பேரு இன்னா கண்ணு" என்று கேட்டாள். "பூஜா" என்றது அது, குடையையே பார்த்துக்கொண்டு. காலனிப் பக்கத்திலிருந்து சாமுவேல் ஓடி வந்தான். சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கிறது.

சசிரேகாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "உனுக்குத் தெரியும் இல்ல சாமுவேலு? தெரிஞ்சிக்கினுதான நெழல்னு சொன்ன?"

சாமுவேல் மூச்சு வாங்கினான். "எப்படி அண்ணி நான் சொல்றது. உங்க நெலத்துல வேல செய்றவன். அண்ணனுக்குக் கண்ணு சரியில்லன்னு காலனிக்காரன் வந்து சொன்னா உங்க தெருவுல இன்னா பேசுவாங்க? வண்டி வாங்கனது வயித்தெரிச்சல்னுவாங்க." வேனுக்குள் ஏஞ்சலைத் தேடி அவன் கண் அலைந்தது. "எம் புள்ளய அந்தாண்ட நிக்க வெச்சேன். அவ்ளோதான் என்னால முடிஞ்சிச்சி."

அவனைத் திட்ட அவளிடம் வார்த்தை நிறைய இருந்தது. ஆனால் காய்ச்சல் என்று பொய் சொல்லிக் கீர்த்தியை நிறுத்தப் பார்த்தவள் அவள். ஜாக்கெட் துணி என்று பொய் சொல்லி ஏறி உட்கார்ந்து வந்தவள் அவள்.

வேதகிரி வண்டியை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தான். சாமுவேல் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. யாரையும் பார்க்காமல் வேன் கதவைத் திறந்தான். "எல்லாம் எறங்குங்க" என்றான். பிள்ளைகள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாக இறங்கின. சாமுவேல் எட்டி ஏஞ்சலைத் தூக்கிக்கொண்டான். மலர்க்கொடியின் பையன்கள் ஓரமாகப் போய் நின்றார்கள். வேன் காலியானது.

வேதகிரி குனிந்து உள்ளே பார்த்தான். நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தான். "கீர்த்தி எங்க?" என்றான்.

பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தன.

"கீர்த்தி எறங்கிச்சா? சாமுவேலு, கீர்த்தி எங்கடா? வண்டிக்கு அந்தாண்ட போச்சா?" குனிந்து சக்கரத்துக்கடியில் பார்த்தான். "கீர்த்தி."

"நைனா. இங்கதான் கீறேன்."

அவனுக்கு இடது பக்கம், ஒரு முழம்கூட இல்லை, கீர்த்தி பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இறங்கியதிலிருந்து அங்கேதான் நின்றிருந்தாள். வேதகிரி அந்தக் குரல் வந்த பக்கம் கழுத்தைத் திருப்பினான். பாதி திரும்பியும் பிள்ளை அகப்படவில்லை. இன்னும் திருப்பினான், தோளையும் சேர்த்துத் திருப்பினான், அப்போதுதான் மகள் முகம் அவன் கண்ணுக்கு வந்தது. அவளைப் பார்த்தபடியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நேற்றிலிருந்து சசிரேகா ஒருத்தியாகச் சுமந்த பயம் இப்போது அவன் முகத்தில் இருந்தது.

"சசி" என்றான். வலது பக்கம் பார்த்தான், எதிரே பார்த்தான். "சசி, நீ எங்க கீற?"

அவளும் அவனுக்கு இடது பக்கம்தான் நின்றிருந்தாள், பூஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு. இரண்டு எட்டு வைத்து வலது பக்கம் போனால் அவன் கண்ணுக்குப் பட்டுவிடுவாள். மலர்க்கொடியின் பையன்கள் அவளை அப்படிப் போகச் சொல்லிக் கண்ணால் ஜாடைகூடக் காட்டினார்கள்.

சசிரேகா நகரவில்லை. குனிந்து அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதான் மாமா. திரும்பு" என்றாள். "இன்னும் திரும்பு."